கை நீட்டினால் அடி

டாக்டர் வேலம்மாவின் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அவள் வாயில் நுழைக்கச் சொன்னார். இரண்டு போயின. மூன்றாவது பல்லில் இடித்தது.

"மூணும் போகணும்மா. வெத்தலை, பாக்கு, புகையிலை எல்லாத்தையும் இன்னியோட விடு. இல்லேன்னா அடுத்த வருஷம் ஒரு விரல்தான் போகும். அப்புறம் கஞ்சிதான்."

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை வேலம்மா நடந்தே வந்தாள். முழு இட்லியை ஒரே வாயில் தள்ளுகிறவள் என்று குடிசைப் பக்கம் பேர் வாங்கியவள் அவள். வீடு சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டாள், இனி தொடுவதில்லை என்று.

தொடாமல் இருப்பதில் என்ன பெரிய கஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றும், கண்ணுகளா. கஷ்டத்தில் பாதிதான் புகையிலை. மீதிப் பாதி நஸ்ருன்னிசாவின் இடுப்பில் தொங்கியது.

இது தொண்ணூற்றாறில் நடந்தது. வேலம்மா, நஸ்ருன்னிசா, பொன்மணி மூவருக்கும் தி.நகரில் தெருப் பெருக்கும் வேலை. விடியலில் குனிந்தால் ஒன்பது மணிக்குத்தான் நிமிர்வார்கள். பனகல் பூங்கா மதிலோரம் உட்கார்ந்ததும் நஸ்ருன்னிசாவின் சுருக்குப்பை திறக்கும். அவள்தான் சுண்ணாம்பு தடவி, மடித்து, ஆளுக்கு ஒன்று தருவாள். மாமியார் சண்டையோ ஒழுகும் கூரையோ, அந்த மடிப்பு வாய்க்குள் போன பிறகுதான் பேச்சாகும். பதினோரு வருஷப் பழக்கம்.

மறுநாள் நீட்டியதை வேலம்மா வாங்கவில்லை. காரணமும் சொல்லவில்லை, கூச்சம்.

"இன்னாமே, என் கை கசக்குதா?" என்றாள் நஸ்ருன்னிசா.

"வேணாங்க்கா. வுட்டுட்டேன்."

"எத்தினி நாளைக்கு? சாயங்காலம் வரிக்குமா?"

பொன்மணி சிரித்தாள். "அடையாறு பங்களாக்காரி ஆய்ட்டாங்கக்கா. இனிமே காபிதான்."

வேலம்மா எழுந்து எதிர்ப்பக்கம் டீக்கடை அருகே போய் உட்கார்ந்துகொண்டாள். எட்டு நாள் அங்கேயே. சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் சேர்ந்து ஆடிச் சிரிப்பது தெரியும். எதற்கென்றுதான் கேட்காது. ஒன்பதாம் நாள் பெட்டிக்கடையில் அவளே வெற்றிலையும் புகையிலையும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. பாதி மென்றதும் கண்ணில் நீர் வந்தது. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள். தனியே உட்கார்ந்தால் தன் கைதான் ஜெயிக்கும் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

பத்தாம் நாள் நேரே வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். விரல்களை அடுக்கி வாயில் வைத்துக் காட்டினாள்.

"பாத்துக்க. மூணு போவணும், ரெண்டுதான் போவுது. ஒண்ணாச்சின்னா கஞ்சின்னு டாக்டர் சொல்ட்டாரு. நான் எங்கியும் போவ மாட்டேன், இங்கதான் குந்திக்கினு இருப்பேன். நீங்க எனக்குக் குடுக்கக் கூடாது. கேட்டாலும், அழுதாலும்."

நஸ்ருன்னிசா சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து முடிந்தாள்.

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ சிரிப்ப."

"சிரிப்பேன்தான். சிரிச்சிட்டு, குடுக்காம இருந்திருப்பேன்."

அன்றிலிருந்து வேலம்மா கை நீட்டினால் அடி விழுந்தது. முதல் வாரத்தில் ஏழு அடி. ஒருநாள் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள், பேசிக்கொண்டே தன்னை அறியாமல் கையை நீட்டிவிட்டாள். பளீரென்று விழுந்தது.

"நான் கேக்கலக்கா, கைதான் போச்சி."

"கைக்குத்தான் அடி. உன்னை ஆரு அடிச்சா?"

மூன்று மாதம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரி. அதே இரண்டு விரல். "குறையலை, அதுவே பெரிசு. வாயைத் திறந்து திறந்து மூடிப் பழகு, இடம் வரும்" என்றார் டாக்டர். வேலம்மா மதிலோரம் வந்து சொன்னாள். நஸ்ருன்னிசா மதில் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முழங்கை மேலே உயர்வது மட்டும் தெரிந்தது.

திரும்பியபோது முகத்தில் கேலி இல்லை.

"எனக்கு ரெண்டரைதாம்மே."

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்து வேலம்மாவின் மடியில் போட்டாள்.

"நாளைலேந்து நான் நீட்டுனா நீ கைமேல ஒண்ணு போடு."

"அப்ப எனக்கு?" என்றாள் பொன்மணி.

"உனக்கும் சேத்துதான்."

"மெதுவா அடிக்க மாட்டேங்க்கா, சொல்ட்டேன்" என்றாள் வேலம்மா.

மறுநாள் ஒன்பது மணிக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். நஸ்ருன்னிசா மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். பேச்சு சூடேறியதும் அவள் கை தானாக நீண்டது. வேலம்மா அடித்த சத்தம் எதிர் டீக்கடை வரை கேட்டது. கையைத் தேய்த்துக்கொண்டே நஸ்ருன்னிசா, விட்ட இடத்திலிருந்து மருமகள் கதையைத் தொடர்ந்தாள்.