உறுதி செய்யப்பட்ட முகம்

நெடுங்கேணிச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் இரண்டு மெஷினோடு தையல் கடை வைத்திருக்கும் இராசேஸ்வரி நான். நல்லாய்த் தைப்பாள், ஆனால் அவளோடு வாய் கொடுத்து மீள முடியாது என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். ஆம்பிளை இல்லாத வீட்டில் வாயும் இல்லாவிட்டால் வேலித் தடி கூட மிஞ்சாது. இதைச் சொல்லும்போதும் நான் வாயை அடக்கப்போவதில்லை.

சிவரூபி என்னிடம் வந்தபோது அவளது முழங்கைக்குக் கீழே அயன்பெட்டியின் கூர்முனை அப்படியே பதிந்திருந்தது. கட்டியவன் பிரசாந்தன், சேட்டில் சுருக்கம் கிடக்கிறது என்று சூட்டோடு சூடாக வைத்துவிட்டானாம். கிளிநொச்சியில் இருந்து பஸ் ஏறி, உடுத்த சட்டையும் கையில் அடையாள அட்டையுமாய் ஓடி வந்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்து மகள் தேனுகா மாமியார் வீட்டில் நின்றிருக்கிறாள். கூட்டிக்கொண்டு வர வழி இல்லை. "எங்க போய் ஒளிச்சாலும் தேடிப் பிடிச்சுக் கொல்லுவன்" என்று அவன் முன்னரே சொல்லி வைத்திருந்தான். குடித்துவிட்டுச் சொன்னதென்றால் விட்டுவிடலாம். அவன் குடிக்கிறவன் இல்லை.

நான் அவளுக்கு ஒரு மெஷினையும் பின் அறையையும் கொடுத்தேன். ஐசி என்கிற என் அடையாள அட்டையைக் கொடுத்து என் பெயரிலேயே ஒரு சிம்மும் எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய பெயர் எந்தக் கம்பனியின் கையிலும் அகப்படக் கூடாது என்பது என் எண்ணம். ஊரில் வேறு பெயர் சொல்லு என்றும் கேட்டுப் பார்த்தேன்.

"தேனுகா எப்பவாவது என்னைத் தேடி வந்தா, என்ன பேர் சொல்லிக் கேப்பாள் அக்கா?" என்றாள். சிவரூபி என்ற பெயரே நின்றது.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு, மாமியார் சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரம் பார்த்து அந்த வீட்டுப் போனுக்கு எடுப்பாள். பிள்ளைதான் ஓடி வந்து தூக்கும். "ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்று கேட்கும். இவள் வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பிறகு கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோக்க வராது. எடுக்காதே என்று எத்தனையோ தரம் ஏசினேன். புது நம்பர்தானே அக்கா, அவையளுக்கு என்ன தெரியப்போகுது என்பாள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பிரேமிளா நல்லவள். நல்லவள் என்பதால்தான் இன்னும் அவளோடு கதைக்கிறேன். வெளிநாட்டில் இருந்து அண்ணன் அனுப்பிய பெரிய போனைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் பின்னேரம் கடைக்கு வந்தாள். 'யாரது' என்று ஒரு புது அப் போட்டிருக்கிறாளாம். எந்த நம்பரை அடித்தாலும் அது யாருடையது என்று சொல்லுமாம்.

"அதுக்கு எப்பிடியடி தெரியும்?" என்றேன்.

"போடேக்க, உங்கட போனில இருக்கிற ஆக்களின்ர பேரையெல்லாம் பார்க்கலாமோ எண்டு கேட்டது. ஓம் எண்டு குடுத்தனான். எல்லாரும் அப்பிடித்தான் குடுக்கினம் அக்கா. இல்லாட்டி வேலை செய்யாதாம்."

என் நம்பரை அடித்துப் பார்த்தாள். 'வாய்க்காரி இராசேஸ்வரி நெடுங்கேணி' என்று வந்தது. யாரோ ஒரு புண்ணியவாளன் தன்னுடைய போனில் என்னை அப்படிப் பதிந்து வைத்திருக்கிறான். பிரேமிளா கதிரையில் புரண்டு புரண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் வெறும் பெயரை எங்கே பதிகிறார்கள்? ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பதால், பெயரோடு தொழிலையும் ஊரையும் யார் வீட்டு ஆள் என்பதையும் சேர்த்தே போடுவார்கள்.

சிவரூபி மட்டும் சிரிக்கவில்லை. காலை மெஷினில் இருந்து எடுத்துவிட்டு, "என்ர நம்பரை அடியுங்கோ" என்றாள்.

பிரேமிளா அடித்தாள். 'சிவரூபி தையல் இராசேஸ்வரி அக்கா வீடு நெடுங்கேணி.'

"அது நான் பதிஞ்சது" என்று பிரேமிளா பெருமையாய்ச் சொன்னாள். சட்டை தைக்கக் கொடுத்த நாளில் மறக்காமல் இருக்கப் பதிந்தாளாம். சிவரூபியின் முகம் செத்துப்போயிற்று. அவள் பிள்ளையின் குரல் கேட்க எடுத்த ஒவ்வொரு தரமும் அந்த நம்பர் அந்த வீட்டுப் போனில் விழுந்திருக்கிறது. அவன் அதை எடுத்து இந்த அப்பில் ஒருதரம் அடித்தால் போதும், வீட்டு வாசல் வரை வழி சொல்லிவிடும்.

பிரேமிளாவுக்கு அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். தன் போனில் இருந்த பெயரை உடனே அழித்தாள். திரும்ப அடித்துப் பார்த்தோம். பெயர் அப்படியே நின்றது. கம்பனிக்காரன் எப்போதோ தன்னிடம் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டான்.

"அந்தச் சிம்மை உடைச்சு எறி" என்றேன்.

"உடைச்சாலும் பேர் நிக்கும் அக்கா. அழிக்கச் சொல்லி அவங்களிட்டைத்தான் கேக்கவேணும். அதுக்கு இந்தச் சிம்முக்குத்தான் ஒரு இரகசிய இலக்கம் அனுப்புவாங்கள்" என்றாள் பிரேமிளா.

அழிக்கச் சொல்லிக் கேட்கிற இடத்தை அவள் தேடிப் பிடித்தாள். தமிழிலேயே எழுதியிருந்தது. 'உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம். அதைப் பாதுகாக்க, நீங்கள் யார் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.' ஒளிய வந்தவளிடம் நீ யார் என்று கேட்கிறான். முழுப் பெயர் கேட்டான். பிறந்த திகதி கேட்டான். மாவட்டம், ஊர் கேட்டான். ஐசியின் இரண்டு பக்கப் படமும் கேட்டான். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் முகத்தைக் காட்டு என்றான்.

"வேண்டாம் பிள்ளை. இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லாததை ஏன் முன்பின் தெரியாதவனுக்குச் சொல்லவேணும்? ஓமந்தையில என்ர சின்னம்மா இருக்கிறா. அங்க போ" என்றேன்.

"ஓமந்தையிலும் ஆராவது என்னைப் போனில பதிவினம் அக்கா" என்றாள். "இதைக் குடுத்தா அழிப்பம் எண்டுதானே சொல்லுறாங்கள்."

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று அந்த அப் சொன்னது. முற்றத்துக்குப் போனோம். தலையில் போட்டிருந்த துண்டை எடுக்கச் சொன்னது. எடுத்தாள். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண்ணை மூடித் திற என்றது. கட்டியவன் சொன்னதையெல்லாம் செய்து பழகியவள், இதற்கும் ஒன்றும் பேசாமல் செய்தாள். 'நன்றி, சிவரூபி. உங்கள் வேண்டுகோள் பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. பிரேமிளா பெருமூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு சிவரூபி அந்த வீட்டுப் போனுக்கு எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வந்தால் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பாள்.

ஒரு மத்தியானம் ஒழுங்கையில் ஓட்டோ ஒன்று நின்றது. சின்னப் பெட்டை ஒன்று இறங்கி, "அம்மா" என்று கத்திக்கொண்டு கடைக்குள் ஓடி வந்து சிவரூபியின் இடுப்பைக் கட்டிப் பிடித்தது. பின்னால் அவன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். கையில் திராட்சைப்பழப் பை. நன்றாக அயன் பண்ணிய சேட்.

"நான்தான் அம்மாவைக் கண்டுபிடிச்சனான்" என்றது பிள்ளை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னது. "அப்பா போனில படம் காட்டி, இது ஆரெண்டு கேட்டவர். அம்மா எண்டு நான்தான் சொன்னனான்."

பிரேமிளா தன் போனைத் திறந்து அந்த நம்பரை அடித்தாள். எங்கள் முற்றத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் சிவரூபியின் முகம் வட்டத்துக்குள் இருந்தது. கீழே ஐசியில் உள்ளபடி முழுப் பெயர். அதன் கீழே பழையபடி இராசேஸ்வரி அக்கா வீடு, நெடுங்கேணி. பக்கத்தில் பச்சையாய் ஒரு சரி அடையாளம், 'உறுதி செய்யப்பட்டது' என்று. பெயரை அழிக்கக் கேட்கிறவளை முதலில் தன் ஆளாகச் சேர்த்து, முகத்தையும் பெயரையும் எல்லாருக்கும் காட்டுவது அந்தக் கம்பனியின் வழக்கமாம். பிறகுதான் அழிப்பதைப் பற்றி யோசிப்பானாம். நாசமாய்ப் போவான்.

"அக்கா, நீங்கள் என்ர மனுசியைப் பார்த்ததுக்கு நான் காலம் முழுக்க நன்றியாய் இருப்பன்" என்றான் பிரசாந்தன். குரலில் தேன் வடிந்தது. "நான் பழைய ஆள் இல்லை. பிள்ளை அழுது அழுது காய்ச்சல் வந்திட்டுது."

ஒழுங்கையில் இருந்த சனமெல்லாம் வந்து கூடிவிட்டது. என்ன தன்மையான பொடியன் என்றார்கள். பிள்ளையின் முகத்துக்காகப் போ என்றார்கள். பிரேமிளா கூட வாயைத் திறக்காமல் நின்றாள். நான் மட்டும் என்னுடைய துணி வெட்டுகிற கத்திரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, இவள் இங்கிருந்து வரமாட்டாள், வந்த வழியே போ என்றேன். என்னைப் பார்த்து அவன் சிரித்தான். வாய்க்காரி என்று அவனும் எங்கோ படித்திருப்பான்.

பிள்ளை அவளுடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றது. சிவரூபி அந்தக் கைகளைப் பார்த்தாள். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது.

"போறன் அக்கா" என்றாள். என் காதோடு காதாக மற்றதைச் சொன்னாள். "என்னை என்ன செய்தாலும் பரவாயில்லை. இனி இவளை விட்டிட்டு ஒரு இடத்துக்கும் வரமாட்டன்."

ஓட்டோவில் ஏறும்போது அவன் கையை நீட்டினான். அவள் தன் போனை அதில் வைத்தாள். பிள்ளை திராட்சைப்பழம் தின்றுகொண்டு எனக்குக் கை காட்டியது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த பிறகு அந்த ஓட்டோ மறுபடி வந்தது. இந்த முறை அவனோடு ஒரு பொலிஸ்காரரும் வந்தார். பிள்ளையும் வந்தாள். சிவரூபி இல்லை.

"இவரின்ர மனுசியைக் காணேல்லை எண்டு முறைப்பாடு. இங்கதான் நிக்கிறாவாம். கூப்பிடுங்கோ" என்றார் பொலிஸ்காரர்.

"அவள் இவனோடை போனவள். இந்த ஒழுங்கையே பார்த்தது" என்றேன்.

"போனவள்தான் ஐயா" என்றான் அவன், மெதுவாக, கவலையாக. "பிறகும் ஓடி வந்திட்டாள். ஓடுறது அவளுக்குப் பழக்கம்."

பொலிஸ்காரர் ஒரு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதே வட்டம், அதே வெயில், அதே முகம். இராசேஸ்வரி அக்கா வீடு, நெடுங்கேணி. உறுதி செய்யப்பட்டது. "சிம்மும் உங்கட ஐசியிலதான் எடுத்திருக்கு அம்மா. நீங்கள்தானே இவ்வளவு காலமும் அவாவை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார். பிரேமிளாவைக் கூப்பிட்டுக் கேட்டார். போனதைப் பார்த்தனான், பிறகு வந்தாவோ தெரியாது என்றாள். அவள் சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு அவள் எங்கேயும் ஓடியிருக்க மாட்டாள். அவள் உயிரோடு இல்லை என்பது அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் கொன்றுவிட்டான் என்று கத்தினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார் பொலிஸ்காரர். அவன் தலையைக் குனிந்துகொண்டு சேட்டின் கைமடிப்பைச் சரிசெய்தான்.

இதற்குள் தேனுகா வீட்டுக்குள் புகுந்துவிட்டாள். பின் அறையைத் திறந்து பார்த்தாள். குசினிக்குள் போனாள். அலுமாரியைத் திறந்து, துணிகளை விலக்கி, அம்மா அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவளுடைய அம்மா இருந்து தைத்த மெஷினுக்குக் கீழே கூடக் குனிந்து பார்த்தாள். பிறகு வெளியே வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மாவை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள்.

ஊரெல்லாம் பயப்படுகிற என் வாயில் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு சொல் இல்லை.