சஹர் நேரத்துக் குளிசை

தங்கச்சி அஸ்பியாவின் சிறுநீரகம் சுபியானின் உடம்புக்குள் வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் தனக்குச் சுகமாகிவிட்டதென்று அவன் தீர்ப்பே சொல்லிவிட்டான். கால் வீக்கம் வற்றியது, சோறு ருசித்தது, கல்முனை பசாரில் தையல் கடையையும் திரும்பத் திறந்தாயிற்று. ஆறு கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ!

நோன்பு மாதம் வந்தது. இந்த வருடம் நோன்பு வேண்டாமென்று டொக்டர் சொல்லியிருந்தார். நோயாளிக்கு விலக்கு உண்டு, ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று பள்ளிவாசல் மௌலவியும் சொன்னார். ஆனால் நடுப்பசாரில் கடை வைத்திருக்கும் மனுசன் பகலில் திரைக்குப் பின்னால் ஒளிந்து தண்ணீர் குடிப்பதா? சுபியானின் ரோசம் இடம் கொடுக்கவில்லை. “டொக்டர் ஓம் எண்டுட்டார்” என்று, டொக்டர் சம்மதித்ததாக எல்லோரிடமும் சொல்லிவைத்து நோன்பு பிடித்தான். அஸ்பியாவிடமும் அதையேதான் சொன்னான்.

அவள் அடுத்த வளவில் இருப்பவள். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு, காக்கா என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு நோன்புக் கஞ்சியோடு வந்து நின்று சிரிப்பாள். “என்ட கிட்னியும் காக்காவோட சேந்து நோம்பு புடிக்கிது. எனக்கு ரெட்ட நன்மை.”

நோன்பின் கடைசிப் பத்து நாளில் பெருநாள் தைப்பு குவிந்தது. தையல்காரனுக்கு வருடத்தில் அதுதான் அறுவடை. மெஷினை விட்டு எழும்பிப் படுக்கும்போதே நோன்பாளிகள் விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரம் நெருங்கிவிடும். மனைவி கமீலா சோறு வைத்துவிட்டு வந்து உலுப்புவாள். “வாறன், நீ திண்ணு” என்று புரண்டு படுப்பான். கண் திறக்கும்போது விடிகாலைத் தொழுகைக்கான சுபஹ் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் வைத்த நாள் முதல் தினம் இரண்டு வேளை விழுங்க வேண்டிய மாத்திரையில், விடிகாலைக் குளிசை மேசையில் அப்படியே கிடக்கும். இனி வாயில் தண்ணீர் படக்கூடாது. ‘ஒரு குளிசைதானே, பின்னேரத்துக் குளிசை இரிக்கிதானே’ என்று அதைத் தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வான். ஒரு நாளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிற்கவில்லை.

பெருநாள் கழிந்த கையோடு கால் திரும்பவும் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்த டொக்டர் அழகரெத்தினம், கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரெத்தத்தில டீ செல் எண்டு ஒரு கூட்டம் இருக்கு, சுபியான். நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு சுரப்பியிலதான் அதுகளுக்குப் பயிற்சி. சொந்த உடம்பையே கடிக்கிறத அங்கயே கழிச்சிப்போடும். மிச்சம் ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு பொத்தான் ஓட்டை எண்டு வைங்களன். அதுக்குரிய பொத்தான்தான் பூட்டும்.”

“பூட்டின உடன அடிக்குமா, டொக்டர்?”

“இல்ல. வேற ஒரு செல்தான் வெளியாள்ட துண்டக் கொண்டுவந்து நெறிக்கட்டியில வச்சிக் காட்டும். அந்தத் துண்டுதான் பொத்தான். பொத்தான் பூட்டினா மட்டும் காணாது. ‘ஓம், ஆபத்துத்தான்’ எண்டு அந்தச் செல் ரெண்டாவது சைகையும் குடுக்கோணும். அப்பதான் டீ செல் முழிச்சி, ஒண்டு ஆயிரமாப் பெருகும். சிலது போய்க் கொல்லும், சிலது மத்தப் படையக் கூப்பிடும். கிருமி வந்தா நம்மளக் காப்பாத்திறதும் அதுகள்தான். ஆனா தங்கச்சிட கிட்னியும் அதுகளுக்கு வெளியாள்தான்.”

“கூடப் பொறந்தவள், டொக்டர்.”

“அது உங்களுக்குத் தெரியும். அதுகளுக்குத் தெரியாது. அதுகள முழிக்க விடாம வச்சிருந்தது அந்தக் குளிசதான்.”

சுபியான் முகட்டைப் பார்த்தான். அவன் தூங்கிய விடிகாலைகளிலெல்லாம் அவை விழித்திருக்கின்றன. அவற்றைக் குறை சொல்லவும் வழியில்லை. தம் வேலையை அவை ஒழுங்காகச் செய்திருக்கின்றன. கடுமையான மருந்து ஏற்றினால் பாதியையாவது காப்பாற்றலாம், அழிந்தது திரும்பாது என்றார் டொக்டர். ஒருமுறை கண்டதை அந்தச் செல்களில் சில மறப்பதில்லையாம்.

பின்னேரம் அஸ்பியா வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வந்ததும் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள்.

“காக்கா, என்ன மாப் செய்ங்க. நான் தந்தது பழுதாப் போச்சி. புள்ள பெத்த ஒடம்பு... வேற ஆரும் நல்ல ஆள் தந்திருந்தா ஒங்களுக்கு இப்படி வந்திரிக்காது.”

கமீலா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுபியான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழியை அவளே சுமந்துகொண்டு போய்விடுவாள். ஒரு கணம் அதையும் நினைத்தான், பாவி.

“ஒண்ட கிட்னில ஒரு பழுதும் இல்ல, தங்கச்சி” என்றான். “நான்தான் சஹருக்கு எழும்பாம குளிசய விட்டன். டொக்டர் ஓம் எண்டு சொல்லவும் இல்ல. அது பொய்.”

அவள் கையை மெல்ல விட்டாள். தன் விலாவில், தழும்பு இருக்கும் இடத்தில், அந்தக் கையை வைத்துக்கொண்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தான். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

“ஒரு வார்த்த சொல்லியிரிக்கலாமே காக்கா” என்றாள். “கிட்னியத் தந்தவள், சஹருக்கு வந்து எழுப்பித் தரமாட்டேனா?”

அவனுக்குக் கண்ணீர் வந்தது. நேர்ஸ் மாலைக் குளிசையை வைத்துவிட்டுப் போனாள். அஸ்பியா அதை எடுத்து அவன் கையில் வைத்து, தண்ணீரையும் கொடுத்தாள். அவன் விழுங்கினான்.

“வாயத் தொறங்க” என்றாள்.

திறந்தான். நாக்குக்கு அடிவரை பார்த்த பிறகுதான் அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.