வரிக்கு ஒரு பெயர்

விடிவதற்குள் சாணார்பட்டி பஸ்ஸில் வந்திறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படியேறினாள் மாயம்மாள். கீழே சின்ன வெங்காயக் குடோன், மேலே எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. மூட்டை தூக்குகிறவர்களுக்கும் எங்களுக்கும் கண்ணீர் இலவசம்.

ஞாயிறன்று முதலாளியின் மகன் எங்கள் புரோகிராம்களையெல்லாம் மலிவான சர்வருக்கு மாற்றி, பழையதை மூடிவிட்டு, கொடைக்கானல் போய்விட்டான். எங்கள் சாஃப்ட்வேர் ஓட, நாற்பது துண்டுகளை எடுத்துக் கோக்க வேண்டும்; அதற்குப் பெயர் பில்டு. எதை எங்கிருந்து எடுப்பது என்று ஒரு ஃபைலில் இருக்கும். அத்தனையும் பழைய முகவரி. திரை முழுக்கச் சிவப்பெழுத்து: கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை.

முதலாளி ஆனந்த்ராஜுக்குக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வித்தை தெரியும்: எந்த வரியில் கடைசியாகக் கைவைத்தது யார் என்று பார்ப்பது. பார்த்தார். நாற்பதிலும் மாயம்மாள்.

"நீதானம்மா எழுதியிருக்க?"

"எழுதுனப்ப சரியாத்தான் இருந்துச்சு சார். தம்பிதான் இடத்த மாத்துனாரு."

"அவன் பேரு இதுல எங்கயாச்சும் இருக்கா?"

இல்லை. ஒரு வரிகூட எழுதாதவன் பெயர் எப்படி இருக்கும்?

அவள் நாற்காலியைத் தன் அறைக்கு இழுத்துப்போனார். "பில்டு ஓடுற வரைக்கும் நின்னுக்கிட்டே பாரு. சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா நாளைக்கு வராத."

மாயம்மாளுக்கு ஏழாம் மாதம். வயிற்றிலிருந்ததும் சேர்ந்து நின்றது. அதற்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்கூடக் கிடையாது.

ஒவ்வொரு வரியாக மாற்றினாள். ஒன்று கிடைத்தால் அடுத்தது அறுந்தது. மகன் சில துண்டுகளைப் புதுச் சர்வருக்கு மாற்றவே மறந்திருந்தான். மத்தியானம் அவள் கால் செருப்புக்குள் நுழையவில்லை. அழுதாள்.

"வெங்காயம்," என்று சொல்லிவிட்டு முதலாளி சாப்பிடப் போனார்.

பக்கத்து மேசை ருக்ஸார் எழுந்தாள். "அக்கா, கைய எடு. நீ சரி பண்ணுனாலும் உம்பேருதான் விழுகும். நாளைக்கு அறுந்தாலும் உன்னத்தான் கேப்பாரு."

"பின்ன யாரு பேரு விழணுங்கிற?"

"எல்லாரு பேரும்."

மிச்சமிருந்ததில் முதல் வரியை ருக்ஸார் திருத்திப் பதிந்தாள். அடுத்ததை நான். டெஸ்டிங் பார்க்கும் பொம்மையன், பிறந்ததிலிருந்து ஒரு வரி எழுதாதவன், "ஏலே, எனக்கும் ஒண்ணு வைங்கடா" என்று வந்தான். மாயம்மாள் சரிசெய்திருந்தவற்றையும் விடவில்லை. ஓர் இடைவெளியைத் தட்டி எங்கள் பெயரில் திரும்பப் பதிந்தோம்.

சாயங்காலம் முதலாளி தன் வித்தையைக் காட்டினார். மேலிருந்து கீழே படித்தார். மாயம்மாள் எங்கும் இல்லை.

"யாரடா வெளிய அனுப்புறது?"

"பேரப் பாத்து அனுப்புங்க சார்," என்றான் பொம்மையன். "எல்லாம் இருக்கு."

"கிண்டலா? எல்லார் நாற்காலியையும் எடுத்துருவேன்!"

மகன் மறந்த துண்டுகளால் திரை இன்னும் சிவப்புத்தான். அவர் நாற்காலிகளைத் தேடித் திரும்பினார். அவற்றை நாங்களே படிக்கட்டோரம் அடுக்கியிருந்தோம். ஒன்றைத் தவிர. அவர் அறையிலிருந்து ருக்ஸார் மீட்டு வந்த அந்த நாற்காலியில் மாயம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.