சம்பந்தி கட்டிய பெல்ட்

மாப்பிள்ளையின் அப்பா ஒரின்பாய் இளவயதில் மல்யுத்தம் பழகியவர். அந்தக் கையால்தான் பெண்ணின் அப்பா டெமிர்கானுக்கு வெல்வெட் அங்கியைப் போர்த்தி, வெள்ளிப் பட்டை பதித்த பெல்ட்டை இடுப்பில் இழுத்துக் கட்டினார். கஜாக் வழக்கப்படி சம்பந்திக்கு அங்கி போட்ட பிறகுதான் விருந்து. விருந்து முடிந்து வாசல் தாண்டுவதற்குள் அங்கியையோ பெல்ட்டையோ கழற்றினால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். டெமிர்கானுக்கு மூச்சு முட்டியது. போதாக்குறைக்கு, இன்சுலின் பம்ப்பின் குழாய் அந்த பெல்ட்டுக்கு அடியில் ஓடியது.

பம்ப் விஷயம் இந்த ஷிம்கென்ட் நகரத்து மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. ஏழு தலைமுறை விசாரிக்கிற மனுஷர்கள். சர்க்கரை வியாதிக் குடும்பம் என்று மகள் ஜதிராவை வேண்டாமென்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் டெமிர்கான் வாயே திறக்கவில்லை.

பெஷ்பர்மக் வந்தது. மாவுப் பட்டைகளின் மேல் குதிரைக்கறி மலையாகக் குவிந்திருந்தது. பம்ப்பின் பொத்தானை ரகசியமாக அழுத்திவிட்டு நாலு வாய்தான் சாப்பிட்டிருப்பார், அது கத்த ஆரம்பித்தது.

"போன் அடிக்குது சம்பந்தி, எடுங்க," என்றார் ஒரின்பாய்.

என்ன செய்வார் பாவம்? பம்ப்பைக் காதுக்குக் கொண்டுபோகக் குழாய் எட்டவில்லை. காதைத்தான் இடுப்புக்குக் கொண்டுபோனார்.

"அப்புறம் பேசறேன்," என்று பம்ப்பிடம் சொன்னார். அது கேட்பதாயில்லை.

மனைவி ரவ்ஷான் கிசுகிசுத்தாள். "பெல்ட்டு குழாயை நசுக்குது. மருந்து உள்ள போகல. கழட்டித் தொலைங்க."

"கழட்டினா கல்யாணம் நின்னுடும்டி."

"அப்ப தட்டுல கை வைக்காதீங்க."

வைக்கவில்லை. தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தார். ஒரின்பாயின் முகம் சுண்டிப்போனது. அவர் மனைவி ஷோல்பான் எழுந்து சமையலறைக்குப் போனவள் திரும்பவேயில்லை.

"கறி பிடிக்கலையா?" என்று ஒரின்பாய் கேட்டார்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சவன் இப்படித்தான் தட்டைப் பார்த்துட்டு உக்காந்திருப்பானா?"

தாகமும் தலைசுற்றலும் தாங்கவில்லை. டெமிர்கான் பெல்ட்டை அவிழ்த்தார். அவர் பம்ப்பை வெளியே எடுத்துக் காட்டினார்.

"எனக்குச் சர்க்கரை வியாதி. மருந்து இதுலதான் போகுது, நீங்க கட்டினதுல நின்னுடுச்சு. மறைச்சது நான். பொண்ணு மேல கோவிச்சுக்காதீங்க."

ஒரின்பாய் அந்தக் கருவியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஷோல்பான், அழுதது போதும், வெளிய வா. உன் கறி நல்லாத்தான் இருக்கு. நான் கட்டினதுதான் கோளாறு."

டெமிர்கானுக்குக் கண் கலங்கிவிட்டது. ரவ்ஷான் கைப்பையிலிருந்து புதுக் குழாயை எடுத்து மாட்டினாள். சர்க்கரை இறங்கும்வரை விருந்து மொத்தமும் அடுப்பிலேயே காத்திருந்தது.

அன்று எடுத்த படத்தில் டெமிர்கான் பெல்ட்டைக் குழாய்க்கு மேலே, அக்குளுக்குக் கீழே கட்டிக்கொண்டு கோமாளி போல நிற்கிறார். பக்கத்தில் ஒரின்பாயும் தன் பெல்ட்டை அக்குள்வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.