மூக்கு செத்தவர்கள்

விடிவதற்கு முன்பே அரவை மிஷின் அலற ஆரம்பித்துவிட்டது. கொட்டகைத் தரையில் உடைந்த வாளி, எண்ணெய்க் கேன், கால் போன நாற்காலி என்று குப்பை இடுப்பளவு கிடந்தது. மூக்குக்காரி குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு நறுக்கி, விளக்குத் தீயில் காட்டி, ஊதி அணைத்து முகர்ந்தாள். மெழுகு வாசம் வந்தால் அரவைக்கு. மூக்கைக் குத்தினால் ஒதுக்க வேண்டும். அது குழாய்ப் பிளாஸ்டிக், சூட்டில் விஷத்தைக் கக்கும்.

அரைத்துக் கழுவியதை உருக்கி நூலாக இழுப்பது அவள் அண்ணன் வேலை. கதவில்லாத வாசல் வைத்த நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் 3டி பிரிண்டர்கள் அந்த நூலை உருக்கி, வரிமேல் வரியாகப் படியவைத்துப் புது நாற்காலிகளை எழுப்பும். காற்றடித்தால் அடுக்கு விட்டுப்போகுமாம். அதனால் இரண்டு பக்கமும் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள்.

வெளியே போக வழியில்லாமல் தேங்கிய புகையில் மூக்குக்காரியின் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. பட்டப்பெயர் மட்டும் மிச்சம். வெளியே சொன்னால் வேலை போய்விடும். முகர்வதுபோல் பாவனை காட்டிவிட்டு, பார்வைக்குச் சந்தேகமானதைப் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டுவாள். அவளை எல்லோரும் சித்தி என்பார்கள். சித்தி தலையாட்டினால் அரவைக் கூடைக்குப் போகும்.

அன்று ஒரு சாம்பல்நிறத் துண்டுக்கும் சித்தி தலையாட்டினாள்.

வெயில் ஏறுவதற்குள் உருக்கும் மிஷினிலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்பியது. ஜன்னல் பக்கம் ஓடியவர்கள் பலகையில் முட்டித் திரும்பினார்கள். வெளியே போக இருந்த ஒரே கதவு வழியாக அண்ணனைத் தூக்கி வந்து வண்டியில் கிடத்தினார்கள். மூச்சு விசிலடித்தது. மூக்குக்காரி வண்டியில் ஏறக் காலை வைத்தாள்.

"நீ இரு," என்றார் முதலாளி. "அந்தத் துண்ட உள்ள விட்டது யாருன்னு தெரிஞ்சாகணும்."

வண்டி அவளை விட்டுவிட்டுப் போனது.

"நான்தாங்க. எனக்கு வாசனையே தெரியறதில்ல, ரொம்ப நாளா."

"இத்தன நாளும் ஏமாத்தியிருக்க!"

"அவள விடுங்க," என்றாள் சித்தி. "தலையாட்டுனது நானு. எனக்கும் தெரியாது. பெரிய மூக்குக்காரி, தெரியாமலா நீட்டறான்னு ஆட்டிட்டேன்."

"அடிப்பாவி சித்தி!"

"நீ மட்டும் என்னடி?"

யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு இருமலாயிற்று. கழுவுத்தொட்டிக்காரர் கையைத் தூக்கினார். "எனக்கும் போச்சு. இவங்க ரெண்டு பேரையும் நம்பித்தான் தண்ணியில போடறேன்." அரவைக்காரர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

ஒருவர் மூக்கை ஒருவர் நம்பிய அந்த வரிசையில் ஒரு மூக்கும் உயிரோடில்லை.

"நல்லா இருக்கு நாடகம். வேற ஆளு வெச்சுக்கறேன்."

"வெச்சுக்கங்க," என்றாள் சித்தி. "ஜன்னல்ல பலக இருக்கறவரைக்கும் அவங்க மூக்கும் சாகும்."

"ஜன்னலத் தெறந்தா சரக்கு கெட்டுப்போகும். குப்பையில ஒரு சில்லுகூட வீணாக்காம தொழில் நடத்தறேன், தெரியுமா?"

"குப்பைக்கு அவ்வளவு மரியாத குடுக்கறீங்க. எங்கண்ணன் நெஞ்சு மட்டும் வீணாப் போலாமா?" மூக்குக்காரிக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "பொக போக வழி பண்ணுங்க. பிரிண்டருக்குக் காத்து ஆகாதுன்னா நடுவுல கதவு போடுங்க. அதுவரைக்கும் உள்ள வரமாட்டோம்."

"வராம வீட்டுல என்னத்தத் திம்பீங்க?"

கேள்வி எல்லோர் வயிற்றிலும் போய் உட்கார்ந்துகொண்டது. கழுவுத்தொட்டிக்காரர்தான் முதலில் வாசல் மண்ணில் சம்மணமிட்டார். பிறகு சித்தி, பிறகு மற்றவர்கள்.

"எத்தன நாளுன்னு பாக்கறேன்," என்று முதலாளி உள்ளே போனார்.

வெயில் தலையைப் பிளந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: அண்ணனுக்கு மூச்சு இருக்கிறது, இன்னும் கண் திறக்கவில்லை. மூக்குக்காரி முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். சித்தி அவள் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை.

உள்ளே நூல் தீர்ந்து பிரிண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் வெளியே வந்து தயங்கி நின்றார்கள்.

"நூல் தீந்துடுச்சுன்னு வந்தீங்களாக்கும்?" என்று சித்தி குத்தலாகக் கேட்டாள்.

"அதுக்கில்லக்கா," என்றாள் முன்னால் நின்றவள். "கொஞ்ச நாளா எனக்கும் சோப்பு வாசம் வரமாட்டேங்குது."

சித்தி நகர்ந்து இடம் விட்டாள்.