ஏழாம் நம்பர் தக்கை

"உனக்குக் கையெழுத்தாவது போடத் தெரியுமாம்மா?" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருமுறை என்னைக் கேட்டார். அப்போது அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நோட்டில் கோடு கிழித்தது, தேதி போட்டது, அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதியது எல்லாம் நான்தான். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று அப்பா எப்போதோ சொல்லித் தொலைத்திருக்கிறார். வெளியாட்களிடம் எனக்கு வாய் வராது. தலையை மட்டும் எப்படியோ ஆட்டினேன். அவர் அதைத் தெரியாது என்று எடுத்துக்கொண்டு, "பாவம்" என்றார்.

ஏரியில் மீன்பிடிக்க நாங்கள் படகு வாடகைக்கு விடுகிறோம். பன்னிரண்டு படகுகள். அப்பா படகைத் தள்ளிவிடுவார். நான் கொட்டகை ஜன்னலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதுவேன். அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் நன்றாகவே தெரிவார்கள். தூண்டிலின் விலையை உரக்கச் சொல்லியே மீனை விரட்டிவிடுகிறவர்கள். விரல் நீளக் கெண்டையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டிப் பிடித்து அதை ஆளுயரம் ஆக்குகிறவர்கள். இவர்களாவது பரவாயில்லை, மாலையில் படகை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சொந்தமாகப் படகு வாங்கியவர்கள் இந்தக் கரையில் இரண்டு பேர். ஒருவருடைய படகில் நாய் குட்டி போட்டிருக்கிறது. இன்னொருவர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மூடிவிட்டுப் போவார்.

கண்ணாடிக்கடைக்காரர் மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் ஏழாம் நம்பரை எடுக்கிறவர். அகலமான தொப்பி, பை பையாகத் தைத்த சட்டை. ஒரு சனிக்கிழமை தொப்பி இல்லாமல் வந்தார்.

"அண்ணே, நாளைக்கு என்கூட ஒருத்தர் வர்றார். எனக்குப் பொண்ணு குடுக்கப்போறவர். மரக்கடை வச்சிருக்கார்."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் அப்பா.

"ஏழாம் நம்பர் என் சொந்தப் படகுன்னு அவர்கிட்ட சொல்லிவச்சிருக்கேன்."

"எதுக்கு சார்?"

"பேச்சுவாக்குல சொன்னது, அப்படியே நின்னுடுச்சு. நாளைக்குப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வேங்கிறார். எனக்கு முப்பத்தெட்டு ஆகுதுண்ணே. இதுவும் தட்டிப்போச்சுன்னா அவ்வளவுதான்."

அந்த ஒரு இடத்தில் அவர் குரல் உண்மையாக இருந்தது. அதை உடனே கெடுத்துக்கொண்டார். "நீங்க அந்த நேரம் கண்ணுல படாதீங்க. ஏழாம் நம்பரா சார்னு வாய்தவறிக் கேட்டுடுவீங்க. இவ இருக்கட்டும். இவதான் பேசவே மாட்டாளே."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் படகு ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், அடியில், கட்டைவிரல் நுழைகிற ஓட்டை உண்டு. கரையில் கிடக்கும்போது மழைத்தண்ணீர் வடிவதற்கு. தண்ணீரில் இறக்கும்முன் அதை ரப்பர் தக்கையால் அடைக்க வேண்டும். தக்கைகள் கொட்டகைச் சுவரில், நம்பர் போட்ட ஆணிகளில் தொங்கும். அப்பாவுக்குப் பூட்டும் அதுதான், சாவியும் அதுதான்: தக்கை இல்லாத படகை எவனும் கொண்டுபோக முடியாது. நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு நான் தக்கையை எடுத்துக் கொடுப்பேன், அப்பா கொண்டுபோய் அடைப்பார். கண்ணாடிக்கடைக்காரர் அந்த நேரத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

ஞாயிறன்று அப்பா மற்றப் படகுகளை அனுப்பிவிட்டு, சொன்ன சொல் தவறாமல் வீட்டுக்குப் போய்விட்டார். சுவரில் ஏழாம் நம்பர் தக்கை மட்டும் தொங்கியது. பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். மரக்கடைக்காரர் சாதாரணச் சட்டை, ரப்பர் செருப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம படகைப் பாத்துக்கறவங்க" என்று கண்ணாடிக்கடைக்காரர் என் பக்கம் கையை வீசிவிட்டு நடந்தார். ஜன்னலில் நிற்கவில்லை. சொந்தக்காரர் எதற்கு நிற்கிறார்?

தக்கையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை கேட்டது.

அவர் திரும்பிக் கண்ணை உருட்டினார். "போம்மா, போய் உன் வேலையப் பாரு."

"என்னவோ குடுக்க வருதே" என்றார் மரக்கடைக்காரர்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. படிப்பு ஏறல."

மூன்றாவது முறை கூப்பிட்டிருக்கலாம். குரல் வந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. அந்த ஓரத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

படகைத் தள்ளி ஏறினார்கள். "என்ன மரம் இது?" என்று மரக்கடைப் பெரியவர் கேட்டது காதில் விழுந்தது.

"தேக்குங்க."

அது பிளைவுட். பெரியவர் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, "ம்" என்றார். இருபது துடுப்பு போயிருப்பார்கள்.

"தண்ணி வருதே மாப்ளே."

"அலை அடிக்குதுங்க."

"அலை கீழேயிருந்தா அடிக்கும்? பின்னாடி ஓட்டையை அடைச்சீங்களா இல்லையா?"

"எந்த ஓட்டை?"

ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவர், மூன்று வருஷமாக அந்த ஓட்டைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் தன் குதிகாலை அதில் வைத்து அழுத்திக்கொண்டு, "இறங்கி இழுங்க" என்றார். கண்ணாடிக்கடைக்காரர் இறங்கி இழுத்தார். பைகள் எல்லாம் தண்ணீர் குடித்து உப்பியிருந்தன. தொப்பி ஒருமுறை விழுந்து மிதந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டார், அந்த நிலைமையிலும்.

கரையேறிய பெரியவர் நேராக ஜன்னலுக்கு வந்தார். வெறும் ஆணிகளைப் பார்த்தார். நான் விளிம்பில் வைத்திருந்த தக்கையை எடுத்து, அதிலிருந்த ஏழாம் எண்ணைப் பார்த்தார். நான் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஞாயிறுதோறும் ஒரே கையெழுத்து, கீழே இரண்டு கோடு இழுத்து.

"வாடகையாம்மா?"

தலையாட்டினேன். இவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார்.

"வாடகைன்னா வாடகைன்னு சொல்றதுக்கென்ன? என் லாரியே வாடகைதான். நான் என்ன ஒளிச்சா வச்சேன்?"

"இல்ல மாமா, வாங்கிடலாம்னுதான்..."

"மாமாவெல்லாம் வேணாம். இந்தப் பொண்ணு பின்னாடியே ஓடி வந்து குடுத்துச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னீங்க." பெரியவர் தக்கையை அவர் உள்ளங்கையில் வைத்தார். "என் பொண்ணும் அதிகம் பேசாது. நான் வர்றேன்."

அவருடைய கார் மேட்டில் ஏறி மறைந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். கப்பல் கவிழ்ந்த முகம். ஆனால் கவிழ்வதற்குக் கூட அவருக்குச் சொந்தமாக ஒன்று இருக்கவில்லை.

பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் நோட்டைப் பார்த்தேன். ஏழாம் நம்பர், போனது பத்து ஐந்து, வந்தது பத்து இருபத்தைந்து. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சார், கையெழுத்துப் போடலையே நீங்க."

என் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. அவர் நோட்டைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், மூன்று வருஷத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்தார். தக்கையை விளிம்பில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாமலே நடந்து போனார்.