மூச்சுக்குழாயில் ஒரு திருகாணி

தொண்டூர் பத்மினி இருமத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். இரண்டு முறை சளியில் ரத்தம் தெரிந்தது. அதற்குப் பிறகு இது என்ன நோய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மாமியார் ரத்னம்மாள் அவளை மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறைக்கு மாற்றினாள். கணவன் அஜிததாஸ் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

1964 ஆடியில் செஞ்சி ஆஸ்பத்திரி வாசலில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டி ஒன்று வந்து நின்றது. அஜிததாஸ் அவளை பஸ்ஸில் கூட்டிவந்தான். படம் எடுக்கும் கோவிந்தசாமி, கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னார். அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி, அத்த முதுகுப் பக்கம் மேல தூக்கிப் போட்டுக்கோ. மூச்ச புடிச்சினு நில்லும்மா."

மறுநாள் அவளைத் திரும்ப அழைத்தார்கள். கோவிந்தசாமிக்குக் கோபம்.

"இன்னாம்மா, கழட்டச் சொன்னா கழட்ட மாட்டியா? படத்துல நக விழுந்துருக்குது."

"நான் ஒண்ணும் போட்டுக்கலைங்க."

இந்த முறை பெரிய படமாக, நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுத்தார். இரண்டிலும் அது இருந்தது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில், உளுந்து அளவுக்கு வெள்ளையாக ஒரு பொருள். டாக்டர் வசந்தா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பத்மினியின் மூக்கைப் பார்த்தார். மூக்குத்தி இல்லை, துளையில் ஈர்க்குச்சி இருந்தது.

"மூக்குத்தி எங்கேம்மா?"

"பொட்டில இருக்குது. திருகாணி தொலஞ்சிடுச்சி."

"எப்போ?"

பத்மினி யோசித்தாள். "போன கார்த்திகைல. தூங்கி எழுந்து பாத்தா காணோம்."

"தொலையல. தூக்கத்துல உள்ள இழுத்துட்டே. மூச்சுக்குழாய்ல உக்காந்திருக்கு. அதனாலதான் இருமல், காய்ச்சல், ரத்தம் எல்லாம். காசநோய்க்கான அடையாளம் எதுவும் இல்ல."

அஜிததாஸ் எழுந்து நின்றான். "நெஞ்ச அறுக்கணுமா டாக்டர்?"

"வேணாம். எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே. மெட்ராஸ்ல வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடுவாங்க."

பத்மினி அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, இருமலும் அழுகையுமாக, நெடுநேரம். அஜிததாஸ் பக்கத்தில் உட்கார்ந்தான். "திருகாணி காணோம்னு ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

"அத்தை திட்டுவாங்கன்னு. அப்பறம் இரும ஆரம்பிச்சதும் அந்த நெனப்பே இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன கொட்டகப் பக்கம் தள்ளுனப்போ நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்றாள்.

அவன் எழுந்து, மெட்ராஸுக்கான சீட்டை வாங்க உள்ளே போனான்.

மெட்ராஸில் அரை மணி நேரத்தில் எடுத்தார்கள். பத்து நாளில் காய்ச்சல் நின்றது. ஊர் திரும்பியதும் ரத்னம்மாள் அவளை உள்ளே படுக்கச் சொன்னாள். கொட்டகைப் பக்கம் ஒதுக்கிய கோபம் பத்மினிக்கு ஆறப் பல மாதங்கள் ஆயின.

அடுத்த ஆண்டு அந்த வண்டி வந்தபோது தொண்டூரிலிருந்து ஒன்பது பேர் போனார்கள். ரத்னம்மாளும் போனாள். வரிசையில் நிற்கும்போது, "வலிக்குமாடி?" என்று கேட்டாள்.

"வலிக்காது அத்தை. மூச்ச புடிச்சினு நிக்கணும், அவ்ளோதான்."

ரத்னம்மாளுக்கு ஒன்றும் இல்லை. பின்வீட்டுப் பவுனம்மாளுக்குக் காசநோய் இருந்தது. வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றார்கள். அவளை ஒதுக்கி வைக்க வேண்டாம் என்று பத்மினி அந்த வீட்டுக்கே போய்ச் சொன்னாள். அவர்கள் பாதிதான் கேட்டார்கள். படுக்கை வீட்டுக்குள்ளேயே இருந்தது; தட்டை மட்டும் தனியாக வைத்தார்கள்.